கல்லில் காடும் அருவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இயற்கைக் கற்களில் மலை, காடு, அருவி, பறவை என்று வரைகிறேன். மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் கடை போட்டால் காலையில் கேட்ட கேள்வியையே சாயங்காலம் வரை வேறு வேறு வாய்களில் கேட்கலாம். போனிலும் அதேதான். அதனால் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். முதலில் வருவது எல்லோரும் கேட்பது. போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும்.

அக்கா, இது நிஜக் கல்லா, இல்ல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல செஞ்சதா?

நிஜக் கல். தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கிரானைட் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம் எடை. ஓரடிக்கு ஓரடி, 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பலகை எடுத்தால் ஏறக்குறைய 5 கிலோ வரும். பின்பக்கத்தில் நான் எதுவும் பூசுவதில்லை. திருப்பிப் பார்த்தால் மெஷின் ரம்பம் அறுத்த கோடுகள்கூடத் தெரியும்.

இதுல எது பெயிண்ட், எது கல்லோட டிசைன்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பர்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் பாரடைசோ கிரானைட்டில் இளஞ்சிவப்பும் ஊதா கலந்த சாம்பலும் அலை அலையாக ஓடும். இப்போது மேசையில் இருக்கிற துண்டில், இடது மூலையிலிருந்து ஒரு வெளிர் பட்டை சரிந்து இறங்கி, பாதியில் இரண்டாகப் பிரிந்து, கீழே போய்க் கலைகிறது. பார்த்ததுமே ஒகேனக்கல்தான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் என்று நான் பூசியது ரொம்பக் கொஞ்சம். பட்டையின் மேல் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கீற்றுகள், அடியில் சாரலுக்காகப் பழைய டூத் பிரஷ்ஷால் தெறிக்கவிட்ட புள்ளிகள், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நிற்கிற பாறை கல்லே. ஒரு பரிசல், அதில் துடுப்போடு ஒருவர், இடுக்கில் ரெண்டு புதர் ஆகியவை மட்டும் பெயிண்ட்.

கல்லை முழுசாக மூடி வரைகிறவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். என் கருத்து வேறு. முழுசாக மூடுவதென்றால் கேன்வாஸே போதுமே, சுமக்கவாவது லேசு. கீழே வருகிற பல பதில்களுக்கும் அடிப்படை இதுதான்: கல்லில் எதை வரைவது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்று முடிவு பண்ணத்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது.

கல்லுக்குள்ள இந்த வரியெல்லாம் எப்படி வருது?

நம் பக்கத்துப் பாறைகள் மிகப் பழையவை, சுமார் 250 கோடி ஆண்டு வயது. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் பாறையின் ஒரு பகுதி உருகி, மடிந்து, இழுபட்டு, மறுபடி இறுகியது. சப்பாத்தி மாவில் சாயம் கலந்து பாதியில் பிசைவதை நிறுத்திவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. இளஞ்சிவப்பாகத் தெரிவது பெல்ஸ்பார், கண்ணாடி மாதிரி மினுங்குவது குவார்ட்ஸ், கறுப்புப் பொட்டுகள் பெரும்பாலும் பயோடைட் என்கிற கறுப்பு மைக்கா.

கடைகளில் கறுப்பு கிரானைட் என்று விற்கிற கல்லின் கதை வேறு. பழைய பாறைகளில் விழுந்த வெடிப்புகளுக்குள் பாறைக் குழம்பு ஏறி இறுகியது அது. வரி இருக்காது, ஒரே கறுப்பு. இரவுக் காட்சிக்கும் நிலவுக்கும் நன்றாக இருக்கும். மற்றபடி அதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. கல் எதுவும் சொல்லாது, எல்லாவற்றையும் நானேதான் சொல்ல வேண்டும்.

எந்தெந்தக் கல்லுல வரையலாம்? எங்க வாங்குறீங்க?

மூன்று வகை போதும். முதலாவது, கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் ஓரம் வெட்டியதில் மிஞ்சும் துண்டு. சமையல் மேடைக்கு அறுத்தபின் ஒதுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இரண்டாவது, கூழாங்கல். தோட்டத்துக்கான கல், நர்சரிச் சாமான் விற்கிற கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். மூன்றாவது, கடப்பா கல். அது சுண்ணாம்புக்கல் வகை, மேல்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாகவே இருக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுதான் எளிது.

பட்டறைத் துண்டு வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பெரிய பலகைகளில் விரிசலை அடைக்க எபாக்ஸி ரெசின் ஊற்றியிருப்பார்கள், சிலவற்றின் பின்பக்கம் நைலான் வலை மாதிரி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். வலை ஒட்டிய பக்கத்தில் வரைய முடியாது. ஃபிளேம் ஃபினிஷ் என்று கேட்டு வாங்கினால் நல்லது. நெருப்புச் சுவாலை காட்டி மேல்பரப்பைப் பொரியவைத்த கல் அது, பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும்.

ஒகேனக்கல் போறப்ப ஆத்துல இருந்து நாலு கல் எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். சுற்றிலும் காப்புக்காடு. காவிரியை ஒட்டிய காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம்: காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டன. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலிருந்து வனப்பொருள் எதையும் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. காட்டில் கிடக்கிற பாறையும் கல்லும் வனப்பொருள் கணக்கில்தான் வரும். நாலே நாலு கல்தானே என்று செக்போஸ்டில் நின்று வாதம் பண்ண முடியாது.

சட்டத்தை விடுங்கள். ஆற்றோரக் கல்லைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் சின்னச் சின்னப் பூச்சியும் நண்டும் குடியிருக்கும். கூழாங்கல் கடையில் கிடைக்கும்போது அவற்றைக் கலைப்பானேன்?

குவாரி ஓரமா டன் கணக்குல வேஸ்ட்டா கிடக்குதே, அத எடுத்தா யாரு கேப்பாங்க?

கேட்பார்கள். அது குத்தகை நிலம். வேஸ்ட் மாதிரித் தெரிந்தாலும் கனிமம் என்றுதான் கணக்கு. வண்டியில் ஏற்றினால் நடைச்சீட்டு, அதாவது கனிமம் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டு, வேண்டும். வெடி வைக்கிற இடத்தில், பிடிமானம் இல்லாத கல் குவியல் மேல் ஏறுவது அதைவிட ஆபத்து. பட்டறையில் வாங்கி ஒரு பில் வாங்கிக்கொண்டால் தொல்லை இல்லை.

கூடவே இன்னொன்று: கல்லை வீட்டில் வைத்து நீங்களே அறுக்காதீர்கள். கிரானைட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. பட்டறையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே அறுப்பதற்குத் தூசியும் ஒரு காரணம். அளவு சொல்லி அங்கேயே வெட்டி வாங்குங்கள்.

போஸ்டர் கலர், எனாமல், ஃபேப்ரிக் கலர் வீட்ல இருக்குது. அத வச்சே வரையலாமா?

பழகிப் பார்க்க எதை வேண்டுமானாலும் எடுங்கள். நிற்க வேண்டும் என்றால் அக்ரிலிக். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும், வார்னிஷ் பூசும்போதே இழுத்துக்கொண்டு வரும். எனாமல் பளபளவென்று இருக்கும், ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும், மெல்லிய கோடும் இழுக்க வராது. ஃபேப்ரிக் கலர் துணி மடங்கும்போது வெடிக்காமல் இருப்பதற்காக மிருதுவாகச் செய்தது. கல்லில் பூசினால் சிலநேரம் பிசுபிசுப்பு போகாமலே இருக்கும்.

அக்ரிலிக் காய்வது எளிமையான விஷயம். தண்ணீர் ஆவியாகி, அதில் மிதந்த பிளாஸ்டிக் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அதன்பின் தண்ணீரில் கரையாது. அதனால்தான் தண்ணீர் ரொம்ப ஊற்றிக் கலக்கக் கூடாது என்பது. ஒட்டவைக்கிற பசை நீர்த்துப் போனால் நிறம் மட்டும் பொடியாகக் கல்மேல் உட்கார்ந்திருக்கும், விரலில் வந்துவிடும்.

வரையறதுக்கு முன்னாடி கல்லை என்ன பண்ணணும்?

சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு நாள், வெயிலில் ஒரு நாள் காயவிடுங்கள். கூழாங்கல்லுக்கு இது போதும். பாலிஷ் போட்ட கிரானைட் என்றால் மேல்பரப்பைக் கொஞ்சம் மங்கவைக்க வேண்டும். மரத்துக்குப் போடுகிற சாதாரண உப்புத்தாள் இதற்கு ஆகாது. குவார்ட்ஸ் அதைவிடப் பிடிவாதம். கடையில் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற கறுப்புத் தாள் கேளுங்கள், அது சிலிக்கான் கார்பைடு. ஈரத்தோடு தேய்த்தால் தூசியும் எழும்பாது.

தயாரா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் இன்னும் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. பரவி உட்கார்ந்தால் சரி. அப்புறம், வரையப் போகிற இடத்தில் மட்டும் நிறம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, ப்ரைமரோ ஜெஸ்ஸோவோ, மெல்லிசாக ஒரு கை. கல் தெரிய வேண்டிய இடத்தில் வேண்டாம்.

இதற்கு நடுவில் நான் தவறாமல் செய்கிற ஒரு வேலை உண்டு. காய்ந்த கல்லை ஈரத் துணியால் துடைத்து, உலர்வதற்குள் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஈரத்தில்தான் வரிகள் முழுசாக எழும்பும். சாக்பீஸால் அதன்மேலேயே குறித்துக்கொள்வேன். படம் பாதி அப்போதே முடிந்துவிடும்.

மழை நாள்ல சீக்கிரம் காயணும்னு அடுப்பு மேல வச்சு எடுக்கலாமா?

கூடவே கூடாது. கல்லின் நுண்துளையில் இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் கல் விரியும், சிலது வெடித்துச் சில்லுகள் தெறிக்கும். கண்ணில் பட்டால் என்ன ஆகும்? ஃபேன் காற்றில் வையுங்கள், ஒரு நாள் கூடுதலாகட்டும்.

நான் வரைஞ்சது கொஞ்ச நாள்லயே தோலாட்டம் உரியுது. என்ன காரணம்?

உரிந்த சில்லைத் தூக்கி எறியாமல் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும். அடியில் மண்ணோ மாவு மாதிரிப் பொடியோ ஒட்டியிருந்தால் கல்லைச் சரியாகக் கழுவவில்லை. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் பாலிஷ் மேலேயே பூசியிருக்கிறீர்கள், அதற்கான பதிலை மேலே சொல்லிவிட்டேன். சில்லு இருந்த இடத்தில் கல்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் பின்பக்கத்திலிருந்து ஏறி வந்திருக்கிறது. ஈரத் தரையில் அல்லது மண்ணில் வைத்த கற்களுக்கு இதுதான் நடக்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு, அவசரம். ஒரே மூச்சில் கெட்டியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். மெல்லிசாக ரெண்டு மூன்று கை பூசுவதுதான் வழி.

விற்பதற்காக வரைகிறவர்கள் ஒரு சோதனை செய்துபாருங்கள். அதே கல்லில் ஒரு மூலையில் நிறம் பூசி, ஒரு வாரம் விட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கட்டம் கட்டமாக நிறம் வந்தால் அந்தக் கல் இன்னும் தயாராகவில்லை.

பிரஷ் எல்லாம் சீக்கிரம் தேஞ்சு போகுது. எந்த பிரஷ் நல்லது?

விலை குறைந்த சிந்தெடிக் பிரஷ். கல்லில் எந்தப் பிரஷ்ஷும் நுனி கெடத்தான் செய்யும், காசைக் கொட்டி மயிர் பிரஷ் வாங்காதீர்கள். மெல்லிய கோட்டுக்கு ஜீரோ, மூணு ஜீரோ நம்பர் மட்டும் புதிதாக வைத்துக்கொண்டால் போதும். நுனி விரிந்துபோனதை எறிய வேண்டாம். இலைக் கூட்டமும் காய்ந்த புல்லும் அதில்தான் நன்றாக வரும்.

என் பையனுக்கு ஏழு வயசு, அவனுக்குச் சொல்லித் தருவீங்களா?

கூழாங்கல்லில் என்றால் தாராளமாக. கால்மேல் போட்டுக்கொள்கிற அளவு பெரிய கல் மட்டும் வேண்டாம். வார்னிஷ் ஸ்பிரே அடிப்பதை நீங்கள் மொட்டைமாடியில் வைத்துச் செய்யுங்கள். குழந்தைகள் கல்லைப் பார்த்ததும் இது ஆமை, இது பன்னி என்று சொல்லிவிடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

காடு வரைஞ்சா எனக்கு காலண்டர் படம் மாதிரியே வருது. நீங்க எப்படி வரையறீங்க?

பச்சையைக் குறையுங்கள். நம் ஊர்க் காடு கேரளத்துக் காடு இல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் வருஷத்தில் பாதி மாதம் காய்ந்த புல்லின் வைக்கோல் நிறமும் இலை உதிர்த்த கிளையின் சாம்பலும்தான். ஆச்சா மரம், வேலம், மூங்கில் புதர், நடுவே மொட்டைப் பாறை. பச்சை அடர்த்தியாக வருவது ஆற்றை ஒட்டி, நீர்மருது மரங்கள் நிற்கிற கரையில்தான். நரை அணில் வரைய ஆசைப்பட்டால் அதை அந்த மரத்தில் உட்காரவையுங்கள், வேலங்கிளையில் வேண்டாம். அந்த அணில் ஆற்றோரக் காட்டில் வாழ்வது. வாலில் வெள்ளை முடி கலந்திருப்பதால் நரைத்த மாதிரித் தெரியும்.

டப்பாவில் வருகிற பச்சையை அப்படியே எடுக்காமல் அதில் கொஞ்சம் காவியோ பழுப்போ சேருங்கள். கிரானைட்டிலேயே சிவப்பும் சாம்பலும் இருப்பதால் கலந்த பச்சைதான் கல்லோடு ஒட்டி உட்காரும். நான் யானையின் உடம்புக்குப் பெரும்பாலும் நிறமே பூசுவதில்லை. சாம்பல் கல் கிடைத்தால் காது விளிம்பு, தந்தம், கண்ணைச் சுற்றிய சுருக்கம், வயிற்றுக்கு அடியில் நிழல் என்று நாலு இடம் தொட்டால் மீதி யானையைக் கல் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் வெளிச்சம். கல்லின் மேடு பள்ளத்தில் நிஜ வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்போது, நீங்கள் வரைந்த நிழல் அதற்கு எதிர்ப்பக்கம் இருந்தால் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் பொய்யாகத் தெரியும். கல்லை எங்கே வைக்கப் போகிறார்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

வார்னிஷ் கட்டாயமா? ஃபெவிகால்ல தண்ணி கலந்து பூசினா போதும்னு வீடியோல சொல்றாங்களே?

வெள்ளை ஃபெவிகால் காய்ந்தால் தெளிவாகத்தான் இருக்கும். ஈரம் பட்டால் மறுபடி பால் மாதிரி வெளுத்து இளகும். ஐப்பசி மழைக்கு ஒரு நாள் தாங்காது. நகப்பூச்சு பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் இருக்கிற கரைப்பான் அக்ரிலிக்கையே கரைத்துவிடும். அக்ரிலிக் வார்னிஷ்தான் சரி, மெல்லிசாக ரெண்டு மூன்று முறை. மரச் சாமானுக்குப் பூசுகிற வார்னிஷ் நாளாவட்டத்தில் மஞ்சளாகும், அருவியெல்லாம் டீ நிறத்துக்குப் போய்விடும்.

வார்னிஷ் அடிச்சதும் கல் கறுத்துப் போச்சு. படம் கெட்டுப் போச்சா?

கெடவில்லை. வார்னிஷ் பட்ட கல் நனைந்த கல் மாதிரித் தெரியும். ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொன்னேனே, அப்போது தெரிந்த நிறம்தான் கடைசியில் நிற்கப் போகிற நிறம். உலர்ந்த கல்லின் வெளிர் சாம்பலுக்குப் பொருத்தமாக வண்ணம் கலந்தால் வார்னிஷுக்கு அப்புறம் படம் பின்னால் தங்கிவிடும், கல் முன்னால் வந்துவிடும். கல்லின் நிறம் மாறக் கூடாது என்று நினைத்தால் மேட் வார்னிஷை வரைந்த இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தடவுங்கள். விளிம்பு தெரியாமல் செய்யக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

வாசல்லயோ தோட்டத்துலயோ வைக்கலாமா? வெயில் தாங்குமா?

திண்ணை, போர்டிகோ மாதிரி கூரை உள்ள இடம் என்றால் வைக்கலாம். நேர் வெயிலும் மழையும் படுகிற இடத்தில் நான் பொறுப்பு ஏற்பதில்லை. முதலில் வெளுப்பது பளிச்சென்ற இளஞ்சிவப்பு, ஊதா வகைகள். காவி, செம்மண், கரி வகை நிறங்கள் நிற்கும். காவி என்பது இரும்புத் துரு, அதை வெயில் ஒன்றும் செய்யாது.

சூடும் ஒரு பிரச்சினை. சித்திரை வெயிலில் கறுப்புக் கல்லில் கை வைக்க முடியாது. அக்ரிலிக் படலம் அந்தச் சூட்டில் இளகும், தூசி அதில் பதிந்துவிட்டால் துடைத்தாலும் போகாது. காரின் பின்சீட்டில் ரெண்டு கல்லை முகத்தோடு முகம் வைத்து எடுத்துப் போகாதீர்கள். ஒட்டிக்கொள்ளும்.

மீன் தொட்டியில போடலாமா?

வேண்டாம். எந்நேரமும் தண்ணீரில் கிடந்தால் படலம் எழும்பும், மீனுக்கும் நல்லதில்லை. வெறும் கூழாங்கல் போடுங்கள்.

சுவத்துல மாட்ட முடியுமா?

முதல் பதிலில் சொன்ன கணக்கைப் பாருங்கள்: ரெண்டு சதுர அடிப் பலகை 10 கிலோ. பெயிண்டிங் மாட்டுகிற ஆணி தாங்காது. செங்கல் சுவரில் துளைபோட்டு போல்ட் அடித்து, கீழே தாங்குகிற மாதிரி இரும்புக் கொக்கி வைக்க வேண்டும். தலைமாட்டில், கட்டிலுக்கு மேலே, யார் கேட்டாலும் மாட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். மரத்தாங்கியில் சாய்த்து மேசைமேல் வைப்பதே அழகு.

ஆத்துல சும்மா கிடக்கிற கல்லுக்கு இவ்ளோ ரேட்டா?

கல்லுக்கு விலை போடவில்லை. கூழாங்கல்லின் விலை, நீங்கள் வாங்குகிற பையின் விலையைவிடக் குறைவுதான். நீங்கள் தருவது நேரத்துக்கு. ஆனால் பெரிய கல் என்றால் விலை அதிகம், சின்னக் கல் என்றால் குறைவு என்று நினைக்காதீர்கள். உள்ளங்கைக் கல்லில் மீன்கொத்தியின் அலகும் கண்ணும் வரைய, ரெண்டடிப் பலகையில் மலைத்தொடர் இழுப்பதைவிட அதிக நேரமாகலாம். பேரம் பேசுங்கள், எனக்குக் கோபம் வராது. சும்மா கிடக்கிற கல் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

எங்க அப்பா போட்டோவ கருப்பு கல்லுல அச்சு அசலா வரைஞ்சு தருவீங்களா?

நீங்கள் எங்கேயோ பார்த்திருப்பது லேசர் வேலை. பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லில் லேசர் பட்ட இடம் பாலிஷ் போய் வெளிர் சாம்பலாகத் தெரியும், அந்தப் புள்ளிகள் சேர்ந்துதான் முகமாகிறது. நினைவுக்கல் செய்கிற கடைகளில் செய்து தருவார்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கும். அதற்கு என்னிடம் வருவதைவிட அங்கே போவதுதான் நல்லது. அப்பாவின் மாந்தோப்பையோ அவர் நடந்த ஏரிக்கரையையோ வரையச் சொன்னால் வரைகிறேன்.

பாறை ஓவியமெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷமா இருக்குதே. உங்களோடது அவ்வளவு நாள் நிக்குமா?

நிற்காது. நல்ல நிறம், நல்ல வார்னிஷ், வீட்டுக்குள்ளே என்றால் உங்கள் பிள்ளைகள் காலம்வரை பார்க்கலாம், அதற்கு மேல் எதுவும் நான் சொல்ல மாட்டேன்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே மல்லபாடிப் பாறையிலும், மல்லச்சந்திரத்தின் கற்திட்டைகளிலும் (பலகைக் கற்களை நிறுத்தி மேலே கல் மூடிய பழங்கால ஈமச்சின்னங்கள்) இருப்பவை வெள்ளை நிற ஓவியங்கள். மல்லபாடியில் குதிரைமேல் மனிதர், ஆயுதம் ஏந்திய கைகள் என்று நாலே கோட்டில் ஓடுகிற உருவங்கள். அவை நின்றதற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. நிறம் கனிமப் பொடி, வெளுக்க அதில் ஒன்றுமில்லை. இடம், மழை நேராக அடிக்காத பாறை ஒதுக்கும் கற்திட்டையின் உட்புறமும். அவர்களும் பாறை முழுவதையும் பூசி மூடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? போய்ப் பார்த்தால் தொடாதீர்கள், தண்ணீர் தெளித்துப் போட்டோ எடுக்காதீர்கள். பெயர் கிறுக்குகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்க ஊர் மலையில பெரிய பாறை இருக்குது. அதுல யானைக் கூட்டம் வரைஞ்சு தந்தா டூரிஸ்ட் வருவாங்கல்ல?

வருவார்கள், பாக்கெட்டும் பாட்டிலும் போட்டுவிட்டுப் போவார்கள். பாறை வனத்துறையுடையதா, புறம்போக்கா, கோயிலுடையதா என்று பார்க்காமல் பிரஷ்ஷை எடுக்க முடியாது. அனுமதியே கிடைத்தாலும் நான் வரமாட்டேன். வெயிலிலும் மழையிலும் கிடக்கிற பாறையில் அக்ரிலிக் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். மூன்றாம் வருஷம் உரிந்துபோன யானை நிற்கும். மலை மலையாக இருக்கட்டும்.

எங்க ஊர்ல வீரன் கல்லு ஒண்ணு ரொம்ப மங்கிப் போச்சு. திருவிழாவுக்கு கலர் அடிச்சுத் தருவீங்களா?

மாட்டேன், தயவுசெய்து வேறு யாரிடமும் கேட்காதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகல்லுக்குப் பேர்போனவை. ஆநிரை கவர்ந்த சண்டையில் செத்தவர், ஊரைக் காத்தவர் என்று பல்லவர் காலத்துக் கற்கள்கூட வயல் வரப்பில் நிற்கின்றன. பலவற்றில் வட்டெழுத்து என்கிற பழைய எழுத்து இருக்கும். எழுத்தின் பள்ளம் சில மில்லிமீட்டர்தான். எனாமலோ சுண்ணாம்போ பூசினால் முதலில் அடைபடுவது அதுதான். முகத்துக்கு மஞ்சள், மீசைக்குக் கறுப்பு என்று அடித்தபின் அந்த வீரன் பெயர் என்ன, எந்த மன்னன் காலம் என்று படிக்கவே வழியிருக்காது.

சாமியாகக் கும்பிடுகிற கல் என்றால் கும்பிடுங்கள், பூ வையுங்கள், கற்பூரத்தைக் கொஞ்சம் தள்ளி ஏற்றுங்கள். பளிச்சென்று ஒரு உருவம் வேண்டும் என்றால் பக்கத்தில் புதுக் கல் ஒன்று நட்டு அதில் வரையலாம், அதை நான் செய்து தருகிறேன்.

ஏற்கெனவே பூசிட்டாங்களே. தின்னர் ஊத்தியோ கம்பி பிரஷ் போட்டோ எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். கம்பி பிரஷ் பெயிண்ட்டோடு எழுத்தையும் தேய்க்கும். தின்னர் கரைத்த பெயிண்ட்டைக் கல்லின் துளைக்குள் இறக்கிவிடும். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு, அது எல்லாவற்றையும்விட மோசம்.

கல்லை நாலு பக்கமும் படம் எடுத்து, கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டிலுமே நடுகற்கள் வைத்திருக்கிறார்கள், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அங்கே தெரியும். படத்தைச் சாயங்காலமோ காலையோ, வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எடுங்கள். பெயிண்ட்டுக்கு அடியிலும் எழுத்தின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். அவர்கள் வந்து பார்க்கும்வரை, அடுத்த திருவிழாவுக்கு இன்னொரு கை பூசாமல் பார்த்துக்கொண்டால் போதும்.